ஈரம் காயுமுன்

கரிசல் காட்டில் மழை விட்ட மறுநாளே ஏர் இறக்க முடியாது, மண் காலோடு வரும். நாள் தள்ளிப் போனால் ஈரம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். நடுவில் கிடைக்கிற அந்தப் பதத்தில் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் காட்டில் நிற்க வேண்டும். லீவுக்குக் கோவில்பட்டி வந்த பேரப்பிள்ளைகள் டிவியில் ‘ஓவர்குக்டு’ போட்டுக் காட்டியபோது எனக்கு அந்த விதைப்பு நாள்தான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டே பேர் உருவாக்கி 2016இல் வந்த வீடியோ கேம் இது. நாலு பேர் வரை சேர்ந்து ஒரு சமையலறையை நடத்த வேண்டும். 2017இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த குடும்ப விளையாட்டாகத் தேர்வானது. புதிதாக உட்காரும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இவை.

1. முதல் நாள் ஜெயிக்க ஆடாதீர்கள். எடுக்க வைக்க ஒரு பட்டன், நறுக்க ஒன்று, பாய்ந்து ஓட ஒன்று. இந்த மூன்றும் விரலுக்குப் பழகட்டும். பெரியவர்கள் இருந்தால் 2020இல் வந்த ‘ஆல் யூ கேன் ஈட்’ பதிப்பில் ‘அசிஸ்ட் மோட்’ போடுங்கள். கூடுதல் நேரம் கிடைக்கும்.

2. தொடங்குமுன் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நறுக்க ஒருவர், அடுப்புக்கு ஒருவர், தட்டுக்கு ஒருவர். ஆனால் கப்பல் ஆடி மேசைகள் நகர்கிற கட்டமும் வரும். அப்போது பக்கத்தில் இருப்பவர் வேலையை நீங்கள் எடுத்துச் செய்யத் தயங்காதீர்கள்.

3. செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெங்காய சூப்புக்கு மூன்று வெங்காயம். “ரெண்டு போட்டாச்சு, இன்னும் ஒண்ணு” என்று சொல்லாவிட்டால் அடுத்தவர் தக்காளியைப் போட்டுவிடுவார். பிறகு மொத்தமும் குப்பைக்கு.

4. அடுப்பில் ஒரு கண் இருக்கட்டும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் கடலைமிட்டாயைப் போட்ட கை எனக்கு. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் இறுகி, கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். அதற்குமேல் அடுப்பில் நின்றால் கசந்துவிடும். இங்கேயும் சட்டி எச்சரிக்கை காட்டியதும் இறக்குங்கள். விட்டால் தீப்பிடித்துப் பக்கத்து மேசைக்கும் பரவும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவையுங்கள்.

5. வந்த வரிசையில் கொடுங்கள். திரையின் மேலே இடது ஓரத்தில் இருப்பதுதான் முதல் ஆர்டர். இரண்டாம் பாகத்தில் வரிசை தப்பாமல் கொடுத்தால் டிப்ஸ் பெருகும்.

6. தட்டு கழுவுகிறவரை மதியுங்கள். பரிமாறிய தட்டு அழுக்காகத் திரும்பி வரும். அதைக் கழுவாவிட்டால் சமைத்த சோறு சட்டியிலேயே கிடக்கும். எங்கள் வீட்டில் யாரும் அந்த வேலையை எடுக்காததால் என்னிடம் தள்ளினார்கள். ஒருநாள் வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போனேன். திரும்பி வந்தால் மூன்று சட்டி சூப் தயார், வைக்கத் தட்டு இல்லாமல் நான்கு கை சும்மா நிற்கிறது. நாற்பது வருஷமாக என் தட்டைக் கழுவுகிறவள் உள்ளே குழாயடியில் நின்றாள். அந்தச் சத்தம் எனக்கு அன்றுதான் காதில் விழுந்தது.

7. தோற்றால் ஆளைத் திட்டாதீர்கள். “எந்த இடத்துல வேலை தேங்குச்சு?” என்று கேளுங்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த ஆட்டத்தில் வாய் திறக்காது. வாய் மூடினால் மூன்றாவது அறிவுரை வீண்.

8. நாலைந்து ஆட்டத்தோடு எழுந்துவிடுங்கள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ராத்திரி சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவி வைத்தபிறகுதான் டிவி போடுவோம். முதல் தட்டு என்னுடையது.