மலிவான நிலமும் விலையுயர்ந்த பிழையும்

தொழிற்கடன் விண்ணப்பத்துடன் வரும் திட்ட அறிக்கைகளில் ‘இடத் தேர்வுக்கான காரணம்’ என்றொரு பத்தி இருக்கும். பெரும்பாலும் அது இரண்டே வரிகளில் முடிந்துவிடும்: நிலம் மலிவு, அரசின் சலுகை உண்டு. ‘தரக் கட்டுப்பாடு’ என்ற பத்தி பல பக்கங்கள் தள்ளி வரும்; அங்கே வாங்கவிருக்கும் அளவைக் கருவிகளின் பட்டியல் காணப்படும். இவ்விரு பத்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது, புனே நகரில் சிறு தொழில்களுக்குக் கடன் வழங்கும் பணியில் இருப்போர் நாள்தோறும் உணரும் உண்மை. பிழை நிகழும் இடத்துக்கும் அது கண்டறியப்படும் இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவுதான் அப்பிழையின் விலையை நிர்ணயிக்கிறது.

வணிகவியல் பயின்றோர் ஆல்ஃபிரட் வெபரை மறந்திருக்க மாட்டார்கள். 1909இல் வெளியான தம் நூலில் அவர் தொழிலின் இருப்பிடத்தை மூன்று காரணிகளைக் கொண்டு விளக்கினார்: போக்குவரத்துச் செலவு, கூலி, தொழில்கள் ஒருங்குசேர்வதால் விளையும் ஆதாயம். முதல் இரண்டையும் எண்களாக எழுதிவிடலாம். மூன்றாவது எண்ணுக்குள் எளிதில் அடங்காது. அதனாலேயே திட்ட அறிக்கைகளில் அது விடுபட்டுப்போகிறது.

அந்த மூன்றாவது காரணியைக் கண்ணால் காண வேண்டுமானால் புனேயைப் பார்க்கலாம். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் தொடங்கப்பட்டது. பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அதற்கும் முந்தையது, ஆண்டு 1854. கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946இலும், பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954இலும், உலோகத்தை அடித்து உருவாக்கும் ‘ஃபோர்ஜிங்’ தொழிலில் பாரத் ஃபோர்ஜ் 1961இலும் உருவாயின. மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் அமைந்தபோது, நுண்ணளவு பார்த்து வேலை செய்யப் பழகிய கைகள் இவ்வூரில் ஏற்கெனவே இருந்தன. 1966இல் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமும் இங்கு வந்தது. வாகனத்தையும் உதிரிபாகத்தையும் சோதித்துச் சான்று தரும் நிறுவனம் அது. சோதனைக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருப்பது எத்தகைய வசதி என்பதை, மாதிரிப் பொருளைப் பெட்டியிலிட்டு வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

டாடா நிறுவனம் புனேயில் செய்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. அன்று டெல்கோ என்று அறியப்பட்ட அந்நிறுவனம், சுமந்த் மூல்காவ்கரின் தலைமையில் 1960களில் இங்கு வந்தது. வந்தவுடன் லாரி தயாரிக்கவில்லை. முதலில் இயந்திரக் கருவிகளைச் செய்தது, தொழிற்பயிற்சி அளித்தது. புனே ஆலையிலிருந்து முதல் வணிக வாகனம் வெளிவந்தது 1977இல்தான். பத்தாண்டுக் காத்திருப்பை இன்றைய கடன் அட்டவணை எதுவும் தாங்காது. சிறு தொழில்முனைவோர் அதனைப் பின்பற்றவும் இயலாது. ஆயினும் பெரிய நிறுவனம் தன் செலவில் உருவாக்கிய திறமை, காலப்போக்கில் போசரியிலும் சின்ச்வடிலும் உள்ள சிறு பட்டறைகளுக்கும் பரவுகிறது. பட்டறை உரிமையாளர் அதற்குத் தனியே கட்டணம் செலுத்துவதில்லை, வாடகையாகச் செலுத்துகிறார்.

அந்த வாடகை மிகுதியா, குறைவா? கற்பனையான ஒரு கணக்கைப் பார்ப்போம். போசரியில் ஒரு பட்டறை மாதம் 25 வேலை நாட்களில் 1,00,000 பற்சக்கரங்களைக் கடைந்து, அருகிலுள்ள வெப்பப் பதப்படுத்தும் கூடத்துக்கு, அதாவது ‘ஹீட் ட்ரீட்மென்ட்’டுக்கு, நாள்தோறும் அனுப்புகிறது. ஒரு சக்கரத்துக்கு அதுவரையிலான செலவு 80 ரூபாய். வாடகை மாதம் 3 லட்சம். 200 கிலோமீட்டருக்கு அப்பால் 1.2 லட்சம் வாடகையில் இடம் கிடைக்கிறது. ஆண்டுக்கு 21.6 லட்சம் மிச்சம். எவருக்கும் ஆசை வரும்.

ஆனால் வெப்பப் பதப்படுத்தும் கூடம் போசரியிலேயே இருக்கிறது. லாரி ஒருமுறை சென்று திரும்ப 15,000 ரூபாய் எனில், நாள்தோறும் அனுப்பினால் மாதம் 3.75 லட்சம், வாடகை மிச்சத்தைப் போல இருமடங்குக்கும் மேல். ஆகவே நான்கு நாள் உற்பத்தியைச் சேர்த்து அனுப்புவர். மாதம் ஆறு நடைக்கு 90,000, ஆண்டுக்கு 10.8 லட்சம். மூன்று நாள் சரக்கு கூடுதலாகத் தேங்குவதால் 9.6 லட்சம் நடைமுறை மூலதனம் முடங்கும். அதற்கு 10 சதவீத வட்டி 96,000. இன்னும் 9.84 லட்சம் கையில் இருக்கிறது.

இப்போது ஒரு தொகுதி உருக்குக் கம்பியில் சேர்மானக் குறை இருப்பதாகக் கொள்வோம். கடையும்போது அது தெரியாது. பதப்படுத்திய பிறகு கடினத்தன்மையைச் சோதிக்கையில்தான் வெளிப்படும். போசரியில் ஒரு நாள் உற்பத்தியான 4,000 சக்கரங்கள் கழிவாகும். தொலைவில் 16,000. கூடுதல் இழப்பு 12,000 சக்கரங்கள், 9.6 லட்சம் ரூபாய். ஆண்டில் ஒரே ஒருமுறை இது நேர்ந்தால் எஞ்சுவது 24,000 ரூபாய். சரக்கு வராமல் வாங்குபவரின் உற்பத்தி வரிசை நின்றுபோனால் எழும் இழப்பீட்டை இதில் சேர்க்கவே இல்லை.

இக்கணக்கின் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. பதப்படுத்துதல் தேவைப்படாத, தன் கூடத்திலேயே முழுமையாகச் சோதித்து முடிக்கக்கூடிய பொருளாயின் மலிவான இடமே சரி. பெரிய நிறுவனங்களின் நிலையும் வேறு. மகாராஷ்டிர அரசு 1964 முதல் பின்தங்கிய வட்டங்களுக்கு ஊக்கச் சலுகைகள் வழங்கி வருகிறது. பஜாஜ் ஆட்டோ 1985இல் ஔரங்காபாத் அருகே வாளுஜில் ஆலை திறந்தபோது, உதிரிபாகம் தருவோரும் அதைச் சூழ்ந்து வளர்ந்தனர். அதே நிறுவனம் 1999இல் புனேயை அடுத்த சாகனுக்கு வந்தது. ஃபோக்ஸ்வேகனும் மெர்சிடிஸ் பென்ஸும் 2009இல் அங்கு ஆலை திறந்தன. யானை நடக்குமிடத்தில் பாதை உண்டாகும். சிறு பட்டறை தன் பின்னே ஒரு பதப்படுத்தும் கூடத்தை அழைத்துச் செல்ல முடியாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிப்பவர் வார்ப்பாலையையும், பம்புகளைச் சோதிக்கும் சிடார்க் மையத்தையும் ஊருக்குள்ளேயே காண்கிறார். தரத்துக்கான டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக 1998இல் பெற்ற சுந்தரம் கிளேட்டன் இயங்கியதும், உதிரிபாகத் தொழில்கள் செறிந்த சென்னையின் பாடியில்தான்.

இடம் மாற எண்ணுவோர் கடன் கேட்டு வரும்போது, நில விலையுடன் வேறு சில விவரங்களையும் எழுதிக்கொண்டு வருவது நலம். எந்தப் பிழை எந்தக் கட்டத்தில் வெளிப்படுகிறது, அதுவரை எத்தனை பொருள்கள் உற்பத்தியாகிவிடுகின்றன, அளவைக் கருவிகளை அளவுத்திருத்தம் செய்ய எங்கே அனுப்ப வேண்டும், தரப் பரிசோதகர் விலகினால் மாற்று ஆள் எத்தனை நாளில் கிடைப்பார் என்பன அவை. இவ்விவரங்கள் இருந்தால் நடைமுறை மூலதன வரம்பையும் சரியாகக் கணிக்க முடியும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் ‘ஜெட்’ தரச் சான்றிதழுக்கும் இதே ஆவணங்களில் பல உதவும். 2022இல் திருத்தப்பட்ட அத்திட்டத்தில் சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும், சிறுதொழிலுக்கு 60 சதவீதமும், நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதமும் மானியமாக அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்க உத்யம் பதிவு எண் தேவை.