ஐ.எஸ்.ஐ. முத்திரை யாருக்காக?



உங்க வீட்டு பிரஷர் குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா? அது எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? வாங்க, தெரிஞ்சுக்கலாம்.

குக்கருக்குள் நடப்பது:
திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குக்கருக்குள் நீராவியின் அழுத்தம் ஏறுவதால் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். அதனாலதான் பருப்பு சீக்கிரம் வேகுது. அழுத்தம் அதிகமானால் வெயிட் தூக்கி ஆவி வெளியே வரும். அதுதான் விசில். அந்தத் துளையைப் பருப்பு அடைச்சுக்கிட்டா? மூடியில் உள்ள சேஃப்டி வால்வு உருகி ஆவியை விட்டுவிடும். அந்த வால்வு மட்டமானதா இருந்தா மூடியே பறந்துவிடும்!

நல்ல வால்வா, மட்டமான வால்வா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சோதனையும் முத்திரையும் தேவை.

யார் யாருக்குப் பயன்?

1. வாங்குபவர்: நமக்குப் பதிலாக ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை.

2. தயாரிப்பவர்: நல்ல பொருள் போட்டுச் செய்பவருக்குச் செலவு அதிகம். போலி மலிவாக வந்தால் நேர்மையானவர் நஷ்டப்படுவார். முத்திரை அவரைக் காப்பாற்றும்.

3. விற்பவர்: 2021 பிப்ரவரி 1 முதல் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்கள் விற்பனையானதற்காக 2022-இல் இணைய வணிக நிறுவனங்களுக்கே 1 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. குறையுள்ள பொருளால் காயம்பட்டால் நஷ்டஈடு கேட்கவும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு.

4. அரசு: இந்தியத் தர நிர்ணய அமைவனம் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது. விபத்துக்குப் பிறகு வருத்தப்படுவதைவிட முன்பே தடுப்பது நல்லது.

இவர்களில் யார் ஏமாற்றினாலும் ஆபத்து அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவங்களுக்குத்தான். பெரும்பாலும் அது நம்ம அம்மா, இல்லாட்டி நாம.

கவனிக்க வேண்டியவை:
* முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்ற எண் இருக்கணும்.
* கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கணும். அது உண்மையா என்று பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் பார்க்கலாம்.
* வால்வு மாற்றினால் அதே கம்பெனி வால்வுதான் போடணும்.
* பில் கேட்டு வாங்கணும். புகாருக்கு 1915.

நூறு ரூபாய் குறையுதுன்னு முத்திரை இல்லாததை வாங்காதீங்க. இன்று வீட்டுக்குப் போனதும் உங்க குக்கரைத் திருப்பிப் பாருங்க. பார்த்ததை அம்மாவுக்கும் சொல்லுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி