செயற்கைச் சிறுநீரகமும் ஒரு மருத்துவரின் நேர்மையும்

தாம் எழுதிய விடை பிழையெனக் கண்டவுடன் மாணாக்கர் அதனை அழித்துவிட்டு, பிழையே நேராதது போலக் கொப்பியை நீட்டுவதை யாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். எவ்விடத்தில் வழுவினோம் என்னும் அறிவும் அவ்வெழுத்தோடு அழிந்துபோகின்றது. யாம் தமிழாசிரியர், மருத்துவம் கற்றவரல்லேம். ஆயினும், தம் தோல்வியை அழியாது எழுதிவைத்த ஒரு மருத்துவரின் ஆராய்ச்சி வரலாறு மாணவருக்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதலிற் சிறுநீரகத்தின் தொழிலை நோக்குவோம். முதுகெலும்பின் இருமருங்கும் அமைந்த இவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகள் உள. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீர்மத்தைக் குருதியினின்றும் வடித்து, வேண்டுவனவற்றைக் குருதிக்கே மீள ஈந்து, கழிவை ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அவை செயலற்றால் யூரியா முதலிய கழிவுகள் குருதியிற் தேங்க, நோயாளர் அறிவு மயங்கி இறப்பர்.

1938ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரிலே, வில்லெம் கொல்ஃப் (1911–2009) என்னும் இளம் மருத்துவர், 22 வயது இளைஞன் ஒருவன் இவ்வாறு இறப்பதைச் செய்வதறியாது கண்டார். நாடோறும் சிறிதளவு யூரியாவை அகற்ற வழியிருந்தால் இவன் பிழைத்திருப்பானே என்னும் எண்ணம் அவரை விட்டகலவில்லை.

நுண்டுளைச் சவ்வொன்றின் ஊடே சிறு மூலக்கூறுகள் செறிவு மிக்க பக்கத்திலிருந்து செறிவு குறைந்த பக்கத்துக்குச் செல்லும். குருதிக் கலங்களும் புரதங்களும் பருமை காரணமாக உள்ளேயே தங்கும். இதற்குத் தோமஸ் கிரகாம் என்னும் விஞ்ஞானி 1861இல் இட்ட பெயரே டயாலிசிஸ். தமிழிற் கூழ்மப்பிரிப்பு என்பர். கொல்ஃப் இவ்விதியையே பற்றினார்.

ஜேர்மனியர் ஒல்லாந்தைக் கைப்பற்றியிருந்த போர்க்காலத்தில், காம்பென் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் அவர் பொறியை அமைத்தார். இறைச்சிக் குழல்களுக்கு உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயை நீளமாகப் படுக்கை உருளையொன்றிற் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் அமிழ்ந்து சுழலச் செய்தார். ஊர் எனாமல் தொழிற்சாலையின் தலைவர் பேர்க் உதவினார். மோட்டார்க் காரின் நீர்ப்பம்பியின் அமைப்பும் கைகொடுத்தது.

1943 மார்ச்சில் முதல் நோயாளியாக 29 வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். பன்னிரு முறை குருதி தூய்மையாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு குருதிக்குழாயைத் திறக்கவேண்டியிருந்தமையால், ஈற்றில் திறப்பதற்குக் குழாயின்றி அவள் இறந்தாள். முதற் பதினைந்து நோயாளருள் ஒருவரே பிழைத்தார். அவரும் பொறியின்றியே பிழைத்திருக்கக்கூடும் எனக் கொல்ஃப் தாமே ஒப்புக்கொண்டார்.

இவற்றை அவர் மறைத்தாரல்லர். 1944இல் பேர்க்குடன் இணைந்து, ஸ்காண்டிநேவிய மருத்துவ ஏடொன்றில் தம் பொறியையும் அநுபவத்தையும் வெளியிட்டார். போர் முடிந்த 1945 செப்டெம்பரில், 67 வயது மூதாட்டி ஒருவர் மயங்கிய நிலையிற் கொணரப்பட்டார். பகைவருக்குத் துணைநின்றவரென ஊரார் வெறுத்த கைதி அவர். கொல்ஃப் அதனை எண்ணாது சிகிச்சை செய்தார். மூதாட்டி கண்விழித்து, மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர்க் கொல்ஃப் தம் பொறிகளைப் பிறநாட்டு மருத்துவமனைகளுக்கு நன்கொடையாக அனுப்பினார்.

எனினும் குருதிக்குழாய் தீர்ந்துபோகும் இடர் தீராதிருந்தது. முதல் நோயாளியின் மரணம் எழுப்பிய அவ்வினாவுக்கு, 17 ஆண்டுகளின் பின், 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர் விடை கண்டார். கையின் நாடியையும் நாளத்தையும் இணைத்து நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயொன்றை அவர் பொருத்தினார். ஒருமுறை திறந்த வழி மீண்டும் மீண்டும் பயன்பட்டது. அம்முறையில் முதற் சிகிச்சை பெற்றவர் பதினோராண்டு வாழ்ந்தார். 2002இல் லாஸ்கர் பரிசு இருவருக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது.

நம் நாட்டின் வடமத்திய மாகாணத்து உழவரை 1990கள் தொட்டு வருத்திவரும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் ஐயமறத் தெளியப்படவில்லை. அதனை ஆராயப் புகுவோருள் நம் கல்லூரி மாணவரும் இருத்தல் கூடும். அவர்க்கு யாம் கூறுவது இதுவே: கண்டதைக் கண்டவாறு எழுதுக; தவறியதையும் எழுதுக; அழிக்கற்க. இன்று நீவிர் விட்டுச்செல்லும் பிழையின் குறிப்பு, நாளை பிறரொருவர் உயிர்காக்கும் வழியைத் தொடங்குமிடமாதல் கூடும்.