புல்தரையில் கோரை

ஆம்பூருக்கு அருகே ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டபோது, ‘முன்புறப் புல்தரைக்குக் களை எடுத்த கூலி’ என்னும் செலவு மாதந்தோறும் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். ரசீதுகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும் வெளியே வந்து பார்த்தால் அருகம்புல்லை விடக் கோரையே ஓங்கி நின்றது. அங்கத்தினர் பணம் செலவாயிற்று, களை போகவில்லை. வெங்காயம், மல்லிகை பயிரிடும் அன்பர்களுக்கும் இவ்வனுபவம் புதிதன்று.

கோரையை அறிவது எளிது. புல்லின் தண்டு உருண்டையானது, கணுவுள்ளது. கோரையின் பூந்தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். உள்ளே குழலின்றிக் கெட்டியாயிருக்கும். கதிர் செம்பழுப்பு நிறம். நெசவாளர் அன்பர்கள் இதனைப் பாய்க்கோரை என்று கொள்ள வேண்டாம். அது உயர்ந்து வளரும் பயிர், இதற்கு உறவு மட்டுமே. இதன் சாஸ்திரப் பெயர் சைபரஸ் ரோட்டண்டஸ். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது இதன் கிழங்கையே.

அக்கிழங்கில்தான் சூட்சுமம் உள்ளது. ஒரு கிழங்கிலிருந்து மண்ணுக்குள் மெல்லிய தண்டு ஓடி, அதன் முனையில் மற்றொரு கிழங்கு உண்டாகிறது, அதிலிருந்து இன்னொன்று. இவ்வாறு சங்கிலிபோல் தொடர்கின்றன. சங்கிலி அறுபடாதிருக்கும் வரை பல கிழங்குகள் உறங்கிக்கிடக்கும். களைக்கொத்து அதைத் துண்டித்தவுடன் உறங்கியவையும் விழித்து முளைவிடும். ஈரத்தில் கொத்தினால் ஒன்று பலவாவது இதனாலேயே. இலையை மட்டும் அறுத்தாலோ, சில நாளில் புல்லை முந்திக்கொண்டு நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பையும் குத்தித் துளைத்து வரக்கூடிய முளை அது.

கிழங்குக்குப் பகை இரண்டு: வறட்சியும் நிழலும். நம் வேலூர்ச் சீமைக்கு வெயிலில் குறைவில்லை. சித்திரை, வைகாசியில் தண்ணீரை நிறுத்தி, காய்ந்த மண்ணை ஓரடி ஆழம் புரட்டிக் கிழங்குகளை மேலே கொணர்ந்து காயவிட வேண்டும். இடையில் மழை பெய்தால் மறுபடியும் புரட்டுக. வயலாயின் பிறகு சணப்பையை நெருக்கமாக விதைத்து நிழல் கட்டலாம். புரட்ட இயலாத புல்தரையில், முளை கண்ட மூன்று வாரத்திற்குள் கிழங்கோடு தோண்டியெடுத்து வர வேண்டும். தாமதித்தால் புதுக் கிழங்கு கட்டிவிடும். புல் நலிந்த இடத்திலேயே கோரை வலுக்கிறது. தோல் பதனிடும் கழிவால் கிணற்று நீர் உப்பான ஊர்களில் புல் தேறாமல் இடைவெளி விழுவதையும் கவனித்தல் நலம்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும்; ஆனால் அருகம்புல்லையும் கொல்லும். அதனைப் பூச்சி ஒழிப்புப் பணியாளர் வாயிலாகவே பயன்படுத்த வேண்டுமென்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. ஹாலோசல்பியூரான் கரும்பில் கோரைக்கென்று பதிவு பெற்ற மருந்து. புல்லினத்தை அவ்வளவாக வருத்தாது. எதுவாயினும் வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மேற்சொன்ன சங்கத்தில் கோரை வந்த வழியையும் விசாரித்தோம். புல்தரை போட ஆற்றோரத்திலிருந்து வண்டி வண்டியாக மண் வாங்கியிருந்தனர். ஒரு கூடை மண்ணைச் சலித்துப் பார்த்திருந்தால் கறுத்த கிழங்குகள் அன்றே அகப்பட்டிருக்கும். மாதக்கூலியை நிறுத்தி, வரும் சித்திரையில் தரை முழுவதையும் புரட்டுவதென்று நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதியிருக்கின்றனர்.