சட்டமன்றம் யார் கையில்? நம் வாக்கு போய்ச் சேரும் இடம்



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் கோரிக்கைகளில் கல்வி உதவி, மருத்துவ உதவிக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது, "எம்.எல்.ஏ.விடம் சொல்லி முடித்துத் தாருங்கள்" என்பதுதான். கபரஸ்தானுக்குப் பாதை, ரேஷன் அட்டை, வக்ஃபு நிலம், பிள்ளைக்குக் கல்லூரி இடம் என எல்லாம் அதில் அடங்கும். கூடவே ஓர் ஆதங்கமும் வரும்: "நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே இருந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?" இந்தக் கேள்விக்கு விடை அந்த ஆளிடம் மட்டும் இல்லை, சட்டமன்றம் எப்படி அமைந்திருக்கிறது, அதைக் கட்சிகள் எப்படித் தம் கையில் வைத்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இதை எழுதவில்லை. கட்சிப் பெயர்கள் வரும் இடங்களில் நடந்ததை மட்டுமே சொல்கிறோம்.

முதலில் அமைப்பு. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் என்பது ஆளுநரும் சட்டப் பேரவையும் சேர்ந்தது. சில மாநிலங்களில் மேலவையும் உண்டு. தமிழ்நாட்டுப் பேரவையில் 234 இடங்கள். அவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. உத்தரப் பிரதேசத்தில் 403 பேர், சிக்கிமில் 32 பேர். பேரவை நிறைவேற்றும் மசோதா ஆளுநரின் ஒப்புதல் பெற்றால்தான் சட்டமாகும். அந்த ஒப்புதல் தாமதமானதற்காக நம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

முஸ்லிம்களுக்கு இன்று தனி இடங்கள் இல்லை. விடுதலைக்கு முன் இருந்தன. முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய தொகுதிகளில் முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே வாக்களித்தனர். அந்த முறையில் நடந்த 1946 தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணப் பேரவையில் முஸ்லிம் லீக் முதன்மை எதிர்க்கட்சி ஆயிற்று. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார், சபை ஏற்கவில்லை. அன்றிலிருந்து பொதுத் தொகுதிதான். எந்தத் தொகுதியிலும் நாம் மட்டும் ஓட்டுப் போட்டு ஒருவரை உள்ளே அனுப்ப முடியாது. மற்றவர்களின் வாக்கும், பெரும்பாலும் ஒரு பெரிய கட்சியின் கூட்டணியும் சேர்ந்தாக வேண்டும். இனி சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

மேலவை என்ற இரண்டாவது வாசல் நம் மாநிலத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. அரசியல் சட்டப்படி அதில் மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி உறுப்பினர்களும், மூன்றில் ஒரு பங்கினரை எம்.எல்.ஏ.க்களும், பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள். மிச்சமுள்ள ஆறில் ஒரு பங்கினரை ஆளுநர் நியமிப்பார். 1952இல் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது ராஜாஜி தேர்தலில் நிற்காமலே இந்த நியமன வழியில் மேலவைக்கு வந்து முதலமைச்சரானார். 1967இல் நாடாளுமன்ற உறுப்பினராக வென்றிருந்த அண்ணாவும் முதல்வரானபின் மேலவை உறுப்பினராகத்தான் ஆனார். எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஒரு நியமனம் தொடர்பாக எழுந்த சர்ச்சையை ஒட்டி, 63 பேர் கொண்ட அந்த மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லாமல் போனது. அதை மீட்க 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. 2011இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இன்று உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில்தான் மேலவை இருக்கிறது. வீண்செலவு என்று அதை ஒதுக்குவோர் உண்டு. நமக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாமல் ஊர் ஊராகச் சிதறி வாழும் ஒரு சமூகத்தின் ஆசிரியருக்கும் படித்தவருக்கும் உள்ளே போக அது ஒரு வழியாக இருந்தது. ஆனால் அந்த வாசலின் சாவியும் கட்சிகளின் கையில்தான் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இப்போது கட்சிக் கணக்குக்கு வருவோம். 234இல் 118 பேரின் ஆதரவு யாருக்கோ அவருக்கே ஆட்சி. யாருக்கு அதிக வாக்கு என்பது வேறு கணக்கு. 1967 தேர்தலில் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் பெற்ற வாக்கு 41 சதவீதத்துக்குச் சற்று மேல். திமுக பெற்றது அதற்கும் சற்றுக் குறைவு. ஆனாலும் திமுக தனிப் பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்தது. காங்கிரஸ் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. திமுக 174இல் மட்டும் நின்று மற்றவற்றை முஸ்லிம் லீக், சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி முதலிய தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. எதிர்ப்பு வாக்குகள் சிதறாமல் ஓரிடத்தில் குவிந்தன. ஒரு தொகுதியில் சில ஆயிரம் வாக்குகள் எங்கே சாய்கின்றன என்பது ஆட்சியையே மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இதற்கு நேர்மாறானது 2006. திமுகவுக்கு 96 இடங்கள்தான் கிடைத்தன. காங்கிரஸ் 34, பா.ம.க. 18, இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் 15 என்று தோழமைக் கட்சிகள் வெளியிலிருந்து தாங்க, ஐந்தாண்டும் ஆட்சி ஓடியது. 'மைனாரிட்டி அரசு' என்று எதிர்க்கட்சியினர் ஓயாமல் கேலி பேசினார்கள். ஆனால் நம் வீடுகளில் இன்றும் பலன் தரும் ஒரு சட்டம் அந்த அவையில்தான் வந்தது. 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளிருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. இன்று நம் பெண்பிள்ளைகள் மருத்துவ, பொறியியல் கலந்தாய்வில் 'பி.சி.எம்.' என்ற பட்டியலில் இடம் பெறுகிறார்களே, அது அங்கே பிறந்தது. தோழமைக் கட்சிகளின் தயவில் நிற்கும் ஆட்சி பலவீனமானதுதான். ஆனால் அது பலர் சொல்வதையும் கேட்டாக வேண்டிய ஆட்சி. 200 இடங்களுக்கு மேல் வென்ற அரசிடம் சிறு கட்சிகளின் குரல் எந்த அளவுக்கு எடுபடும் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளலாம்.

சரி, உள்ளே போன உறுப்பினர் தம் மனசாட்சிப்படி வாக்களிக்கலாமா? பெரும்பாலும் முடியாது. ஒவ்வொரு கட்சிக்கும் கொறடா உண்டு. அவர் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். தாமாகக் கட்சியை விட்டு விலகியதாகக் கருதப்பட்டாலும் அதே கதிதான். முன்பு மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பலாம் என்றிருந்தது. 2003 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், நேர்மையாக மாறுபடுபவரின் வாயையும் சேர்த்தே கட்டிவிட்டது.

தீர்ப்புச் சொல்வதும் நீதிபதி அல்லர், சபாநாயகர். அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று வென்றார். எதிர்த்து வாக்களித்த 11 பேரும் அவருடைய கட்சியினரே. ஆகஸ்டில் வேறு 19 பேர் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரின் பதவியைச் சபாநாயகர் பறித்தார். அவையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேருக்கு எதுவும் ஆகவில்லை. அதற்குள் அவர்கள் முதல்வரோடு சமாதானமாகி இருந்தார்கள். 18 பேர் போனதால் அவையின் எண்ணிக்கை 215 ஆகச் சுருங்கி, பெரும்பான்மைக்கு 108 பேர் போதும் என்றாயிற்று. நீதிமன்றம் 2018 அக்டோபரில் பதவி நீக்கம் செல்லும் என்றது, தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் கடிதம் கொடுத்தவருக்கு ஓர் அளவுகோல், வாக்களித்தவருக்கு வேறோர் அளவுகோல் என்பதை நம் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

இதில் இழந்தவர்கள் யார் என்று பாருங்கள். அந்தப் பதினெட்டில் ஆம்பூர் ஒன்று, அரவக்குறிச்சி ஒன்று. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூரையும், அரவக்குறிச்சித் தொகுதியில் உள்ள பள்ளப்பட்டியையும் அறியாத முஸ்லிம் குடும்பம் தமிழகத்தில் குறைவு. 2019 மே மாதம் இடைத்தேர்தல் முடிவு வரும்வரை, 20 மாத காலம் அங்கே எம்.எல்.ஏ.வே இல்லை. பேரவையில் அந்த ஊர்களுக்காகக் கேள்வி கேட்க ஆளில்லை, தொகுதி நிதிக்குப் பரிந்துரைக்க ஆளில்லை. கட்சிக்குள் நடந்த சண்டைக்கு வாக்காளர்கள் அபராதம் கட்டினார்கள்.

நம் சமூகத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் சின்னம். ஒரு சிறு கட்சியின் வேட்பாளர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றால், அவை ஏட்டில் அவர் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர். அந்தக் கட்சியின் கொறடா உத்தரவு அவரைக் கட்டும். 2021இல் இரண்டு வழிகளையும் அருகருகே பார்த்தோம். மனிதநேய மக்கள் கட்சியின் இருவர் உதயசூரியனில் நின்று பாபநாசத்திலும் மணப்பாறையிலும் வென்றார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தன் ஏணிச் சின்னத்தில் கடையநல்லூர், வாணியம்பாடி, சிதம்பரம் ஆகிய மூன்றிலும் நின்று மூன்றிலும் தோற்றது. தனிச் சின்னத்தில் நின்றால் குரல் நம்முடையது, ஆனால் உள்ளே போவது கடினம். பெரிய சின்னத்தில் நின்றால் உள்ளே போகலாம், குரலில் பாதி அடகு. எது சரி என்பதில் நம் அறக்கட்டளை உறுப்பினர்களிடையேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது எந்தச் சின்னத்தில் நிற்கிறார், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாநிலப் பேரவையால் எதெல்லாம் முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 மார்ச் 27 அன்று வக்ஃபு திருத்த மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று நம் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. பா.ஜ.க.வினர் வெளிநடப்புச் செய்தனர். அதிமுக உட்பட மற்றவர்கள் ஆதரித்தனர். அடுத்த சில நாட்களிலேயே நாடாளுமன்றம் அந்த மசோதாவை நிறைவேற்றிவிட்டது. பேரவைத் தீர்மானம் ஒரு கருத்து மட்டுமே. வக்ஃபு சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, அதை மாற்றும் வலிமை தீர்மானத்துக்கு இல்லை. அந்தத் திருத்தம் பேரவையையும் தொட்டது. 1995 சட்டப்படி சட்டமன்றத்தின் முஸ்லிம் உறுப்பினர்களே தங்களிடையேயிருந்து வக்ஃபு வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இனி அது தேர்தல் அல்ல, மாநில அரசின் நியமனம். அதாவது பேரவையைப் பிடிக்கும் கட்சியின் கைக்கே அதுவும் போகிறது.

இத்தனைக்கும் நடுவே, எந்தக் கட்சி ஆண்டாலும் திறந்திருக்கும் ஒரு கதவு உண்டு: பேரவையின் மனுக்கள் குழு. பல கட்சி உறுப்பினர்களும் அடங்கிய இந்தக் குழு மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்வதும் உண்டு. அப்போது மாவட்ட ஆட்சியர் வழியாக அறிவிப்பு வரும். மனு தமிழில், மனுதாரர் கையொப்பத்துடன், ஐந்து நகல்களாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். நெடுநாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம் இவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாலை, பாலம், குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கட்டடம், கபரஸ்தானுக்குப் போகும் பொதுப் பாதை போன்றவற்றை எழுதலாம்.

நம் மஹல்லாவில் அப்படிப்பட்ட பொதுக் காரியம் நிலுவையில் இருந்தால், இதுவரை எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் மனுக் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்ற தாள்களோடு மக்ரிபுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மனுவை முறைப்படி எழுதி, ஐந்து நகல்களும் எடுத்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.