யானைத்தீ

காஞ்சி மாநகரம் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்றது. பசி தீர்த்த புகழும் அதற்கு உண்டு. மழை பொய்த்து உயிர்கள் உணவின்றி வாடிய காலத்தில், மணிமேகலை அந்நகரை அடைந்து, அமுதசுரபியைக் கொண்டு அனைவர்க்கும் சோறிட்டாள் என்று சீத்தலைச் சாத்தனார் பாடியுள்ளார். அக்காப்பியத்தில் வேறொரு பசியும் பேசப்படுகின்றது. காயசண்டிகை என்னும் விஞ்சை மகள், முனிவர் ஒருவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியை மிதித்துச் சிதைத்தாள். அவர் இட்ட சாபத்தால் யானைத்தீ என்னும் நோய் அவளைப் பற்றியது. எவ்வளவு உண்டாலும் அவள் பசி அடங்கவில்லை. அடங்காப் பசியையும் நோய் என்று பெயரிட்டு அழைத்தாரே, அப்புலவரின் நுண்ணறிவு போற்றத்தக்கது. நாமோ உடல் பருத்தவரைக் கண்டால் ‘உண்டு கொழுத்தவர்’ என்று எளிதில் இகழ்ந்துவிடுகிறோம். பள்ளிகளிலும் இவ்விழிந்த வழக்கம் உண்டு.

யானைத்தீயை ஒத்த நோய் உண்மையிலேயே உண்டா? உண்டு. பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பத்தில், உறவினரான இரு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து, 1997 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுக் குழந்தையின் எடை 29 கிலோ. அவர்களுடைய பசி ஓய்ந்ததே இல்லை. அவர்கள் உடலில் லெப்டின் என்னும் ஹார்மோன் இல்லாமையே அதற்குக் காரணம். 1994 இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த இந்த ஹார்மோன் உடற்கொழுப்பில் உண்டாகி, குருதி வழியே மூளையை அடைந்து, ‘சேமிப்பு போதும்’ என்று தெரிவிக்கின்றது. அச்சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டபோது பசி தணிந்தது. ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோ எடை குறைந்தது.

அப்படியாயின், பருமன் உடைய எல்லார்க்கும் அம்மருந்தைக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது பயன்படவில்லை. பெரும்பாலோர் உடலில் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. மூளைதான் அச்செய்தியைச் சரிவரக் கேட்பதில்லை. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை உடையவர். எனவே இது நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. அங்கே பசியைத் தூண்டும் நரம்பணுக்கள் ஒருவகை; போதும் என்று தடுப்பவை மற்றொரு வகை. உயிரோடிருக்கும் மனிதனின் தலையிலிருந்து அவற்றை ஆய்வுக்காக எடுத்தல் இயலாது. எலியின் மூளையோ நம் மூளைக்கு முற்றும் ஒப்பன்று. இந்த இடர்ப்பாட்டை நீக்கிய வழியைக் காஞ்சி நெசவாளர் எளிதில் புரிந்துகொள்வர். வெண்பட்டு நூலை எந்தச் சாயத்தில் தோய்க்கிறோமோ அந்த நிறத்தை அது அடைகின்றது. கருவின் தொடக்கத்திலுள்ள குருத்தணுவும் அத்தகையதே. அது தோலணுவாகலாம், தசையணுவாகலாம், நரம்பணுவாகலாம். ஆனால் அரக்குச் சாயம் ஏறிய நூலை மீண்டும் வெண்ணூலாக்க முடியுமா? ஜப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா அதற்கு ஒப்பான அருஞ்செயலைச் செய்தார். நான்கு மரபணுக்களைச் செலுத்தி, 2006 இல் எலியின் தோலணுக்களையும், 2007 இல் மனிதத் தோலணுக்களையும் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். 2012 இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு பெற்றார்.

அக்குருத்தணுக்களைத் தக்க ஊட்டநீரில், தக்க வரிசையில் வளர்த்தால் பசியை ஆளும் நரம்பணுக்கள் கிடைக்கின்றன. 2018 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவ நிலையத்தில் உத்ரா ராஜாமணி, துருவ் சரீன் முதலியோர், மிகப் பெரும் பருமன் உடையவர்களின் அணுக்களிலிருந்தும், இயல்பான எடையினரின் அணுக்களிலிருந்தும் இந்நரம்பணுக்களை உண்டாக்கி ஒப்பிட்டனர். இரண்டும் ஒரே வகைத் தட்டில் வளர்ந்தவை. ஒரு கவளமும் உண்டறியாதவை. ஆயினும் பருமன் உடையவரின் நரம்பணுக்கள் பசி ஹார்மோன்களுக்கு வேறு விதமாக மறுமொழி கூறின. நோயின் ஒரு கூறு, உண்பதற்கு முன்பே அணுவில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது இதனால் விளங்குகின்றது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. தட்டில் வளரும் நரம்பணுக்கள் முதிராதவை. கருவிலுள்ள குழந்தையின் அணுக்களைப் போன்றவை. அவற்றிற்கு வயிறு இல்லை. கண்ணும் மூக்கும் இல்லை. காஞ்சிபுரத்து இட்டிலியின் மிளகு மணமும் சுக்கு மணமும் நிறைந்த வயிற்றினரையும் மீண்டும் இலைமுன் அமர்த்தும். அந்த இழுப்பை அணுக்கள் அறியா. ஆகவே அறிஞர்கள் எலிகளிடமும் மனிதரிடமும் செய்யும் ஆய்வுகளைக் கைவிடவில்லை. புதிய மருந்து ஒன்றை மனித நரம்பணுக்கள் ஏற்கின்றனவா என்பதைத் தட்டில் பார்த்து, அதன்பின் மற்ற சோதனைகளுக்குச் செல்ல இந்த அணுக்கள் துணை செய்கின்றன.