தண்ணீருக்கேற்ற மீன்

வளர்ப்பு மீன் கடையில் நிறத்தைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். வீட்டுக் குழாயில் வரும் நீர் எத்தகையது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். வாங்கிய சில வாரங்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மழைநீர் சுண்ணாம்புப் பாறைகளினூடே கசியும்போது அவற்றிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகிய தாதுகளைக் கரைத்துக்கொள்கிறது. இத்தாதுகள் மிகுந்த நீரே கடின நீர். பெர்லிஸ் மாநிலத்திலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்துள்ளன. அத்தகைய இடங்களின் நிலத்தடி நீர் கடினமாக இருப்பது இயல்பு. அதில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு தங்கும். குடிப்பதற்கு இந்நீரால் கேடில்லை. ஆனால், நாம் குடிக்கும் நீரில் மீன் வாழவே வேண்டியிருக்கிறது.

நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, வெளியேயுள்ள நீரில் இருப்பதைவிட அதிகம். ஆகவே, நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. உப்பு வெளியே கசிகிறது. மிகையான நீரைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இழந்த உப்பைச் செவுள்கள் மீட்கின்றன. ஒவ்வோர் இனத்தின் உடலும் அதன் பூர்வீக நீருக்கேற்ப இவ்வேலையைச் செய்யப் பழகியிருக்கிறது. அமேசான் படுகையின் மென்னீருக்குரியது நியோன் டெட்ரா. கடின நீரில் அது சில காலம் வாழலாம். முட்டைகளோ பெரும்பாலும் பொரிப்பதில்லை. நம் கரிச்சதுப்புக் காடுகளில், தேநீர் நிறத்து நீரில் வாழும் காட்டுச் சண்டை மீன்களும் மென்னீருக்கே உரியவை.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவற்றுக்குக் கடின நீர் நன்கு ஒத்துவரும். மோலியை மென்னீரில் விட்டால், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கும். ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்களும் கடின நீரை விரும்புபவை. ஆயினும், அவற்றுள் பல தம் எல்லைக்காகக் கடுமையாகச் சண்டையிடும்; சிறு தொட்டிக்கு ஆகாதவை.

மீன் கடைகளில் விற்கும் சோதனைத் தாளை நீரில் நனைத்தால் கடினத்தன்மை தெரிந்துவிடும். 1 லிட்டரில் 120 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் அது கடின நீர். சிலர் புளிக்காடி ஊற்றி நீரை மென்மையாக்க முயல்வர். அதனால் அமிலத்தன்மை மாறுமே தவிர, கரைந்த தாதுகள் குறையா. வடிகட்டித் தாதுகளை நீக்கிய நீரைக் கலக்கலாம். ஆனால், ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் அதே அளவில் கலக்க வேண்டும். அளவு தவறித் தவறி மாறும் நீர், நிலையான கடின நீரைவிட மீனை அதிகம் வாட்டும்.

பண்ணையில் பிறந்து வளர்ந்த மென்னீர் மீன்களில் சில, ஓரளவு கடின நீருக்குப் பழகியிருக்கும். எனவே, விலையைக் கேட்கும்போதே அம்மீன் எவ்வகை நீரில் வளர்ந்தது என்பதையும் கடைக்காரரிடம் கேட்கலாம்.